கேட்டில் முப்பத்தொரு பேர்

மலேசியாவில் ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அதன் வாசலில் பதினோரு வருடமாக ஜாகாவாகக் காவல் பார்ப்பவள் அந்தோனியம்மாள். வயது ஐம்பத்து மூன்று. அதற்கு முன் இருபது வருடம் அதே தோட்டத்தில் மருந்தடித்தவள். தொட்டியைச் சுமந்து சுமந்து இடது தோள் சற்று இறங்கிவிட்டது, வாய் மட்டும் இறங்கவில்லை. ஒருமுறை பெரிய மானேஜரின் மனைவி காரையே மறித்து, "யாரப் பாக்கணும், எதுக்கு?" என்று கேட்டிருக்கிறாள். "தெரிஞ்ச மூஞ்சின்னு விட்டா அப்புறம் ஜாகா எதுக்கு?" என்பது அவள் நியாயம். அந்த அம்மாளுக்கு இன்றுவரை இவளைக் கண்டால் ஆகாது.

இரண்டு வருடத்துக்கு முன் காவல் கொட்டகைக்குக் கணினி வந்தது. துணை மானேஜர் மகேந்திரன் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். வருபவரின் பெயர், ஐசி என்ற அடையாள அட்டையின் எண், கைபேசி எண், வீட்டு முகவரி, வந்த காரியம் என்று இணையப் பக்கத்தில் வரிசையாகக் கட்டங்கள். சிலவற்றை விட்டுவிடலாம் என்றுகூட அவர் சொன்னார். ஆனால் காலிக் கட்டத்தைக் கண்டால் அந்தோனியம்மாளுக்குக் கை அரிக்கும். ஒன்றையும் விடமாட்டாள். வந்தவர் முணுமுணுத்தால், "சொல்லிட்டுப் போ லா, உன் சொத்தையா எழுதிக் கேட்டேன்?" என்று வாயை அடைத்துவிடுவாள். ஆபீஸ் கூட்டத்தில் மகேந்திரன் அவளைப் பாராட்டியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

தாயம்மா அவளோடு ஒரே நிரையில் மருந்தடித்தவள். இப்போது மம்பாவில் மகன் வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வருவாள். ஒரு வெள்ளி வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. அந்தோனியம்மாள் போன் போட்டாள்.

"நா வர்ல" என்றாள் தாயம்மா. "எவனோ கூப்புட்டாண்டி. போலீஸாம். என் மேல கேசாம். என் பேரு, ஐசி நம்பரு, மம்பாவ் வீட்டு நம்பரு எல்லாத்தயும் புட்டுப்புட்டு வெக்கிறான். வெள்ளிக்கெழமையானா எஸ்டேட்டுக்குப் போறீங்கதானேங்கறான். ராத்திரி பூரா தூக்கமில்ல. மவன் விசாரிச்சுட்டு, அவன் திருட்டுப் பயன்னான். ஆனா அவனுக்கு யாரு சொன்னா? எல்லாத்தயும் ஒண்ணுவிடாம எழுதுனது நீதானடி?"

அந்தோனியம்மாள் போனை வைத்தாள். அவளை வாயாடி என்று திட்டியவர்கள் உண்டு, திமிர் பிடித்தவள் என்றவர்கள் உண்டு. காட்டிக் கொடுத்தவள் என்று யாரும் சொன்னதில்லை.

மனம் ஆறட்டும் என்று கணினியில் ஒரு மாதா பாட்டைப் போட்டாள். இரண்டு வரி ஓடியதும் பாட்டு நின்று, அரைகுறை உடையில் ஒருத்தி சூதாட்டத்துக்கு அழைத்தாள். அந்தோனியம்மாள் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினாள். கேட்டில் நின்ற, செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் டிரைவர் விக்டர் சிரித்துவிட்டான்.

"வெளம்பரத்தத் தடுக்கற சாமான் இருக்குக்கா. பிரவுசர்லயே சேத்துக்கலாம். காசு இல்ல. ஒளவு பாக்கறவனையும் சேத்துத் தடுக்கும்."

அவன் சொல்லச் சொல்ல அவளே அதைச் சேர்த்தாள். மூலையில் ஒரு சின்னக் கேடயப் படம் வந்தது. பாட்டுப் பக்கத்தில் அதன் மேல் பதினான்கு என்று எண் விழுந்தது. பதினான்கு பேரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது என்றான் விக்டர். நம்ம ஜாதி ஜாகா என்று அவளுக்கு அதன்மேல் உடனே பாசம் வந்துவிட்டது. பிறகு விக்டரைப் பதியத் தோட்டத்து இணையப் பக்கத்தைத் திறந்தாள்.

முப்பத்தொன்று என்று காட்டியது.

எண்ணைத் தட்டியதும் பெயர்கள் வரிசையாக விரிந்தன. விக்டர் எட்டிப் பார்த்துப் படித்தான். "பாதிக்கு மேல வெளம்பரக் கம்பெனிக்கா. யாரு, எங்கேருந்து, எப்ப வர்றாங்கன்னு மோப்பம் பிடிக்கிறவனுங்க."

"என் கேட்லயா?" என்றாள் அந்தோனியம்மாள்.

தாயம்மாவின் எண் இந்த வழியாகத்தான் போனது என்று அவளால் நிரூபிக்க முடியாது. ஆனால் முப்பத்தொரு பேர் தன் முதுகுக்குப் பின்னால் நிற்க, ஊரார் விவரத்தை ஒன்றுவிடாமல் கேட்டு எழுதியிருக்கிறோமே என்பது போதும். கட்டங்களை நிரப்பி அனுப்பப் பார்த்தாள். தடுப்பை எடுத்தால்தான் அனுப்ப முடியும் என்றது பக்கம். "போடா" என்று அதை மூடினாள். மேசை அடியிலிருந்து பழைய நீள நோட்டை எடுத்து, வண்டி எண், பெயர், உள்ளே எந்த வீட்டுக்கு, மணி என்று நான்கு கோடு போட்டாள்.

பதிவு ஒன்றும் வரவில்லை என்று மகேந்திரன் போனில் மூன்று முறை எச்சரித்தார்; தடுப்பை எடுக்க மாட்டேன் என்றாள் அவள். நான்காவது தடவை, வெள்ளிக்கிழமை காலை, வெளியிலிருந்து வந்த வழியில் காரை கேட்டிலேயே நிறுத்தி இறங்கினார். அப்போது கொட்டகையில் தாயம்மா நின்றுகொண்டிருந்தாள். கணினியில் எழுத மாட்டேன் என்று அந்தோனியம்மாள் சத்தியம் செய்து அழைத்ததால் வந்திருந்தாள்.

"அக்கா, தலைமை ஆபீஸ் வாங்கிக் குடுத்த சிஸ்டம். நா என்ன செய்ய முடியும்? அந்தச் சாமான எடுத்துட்டு இவங்களப் பதிங்க. இல்லன்னா நாளைக்கு வேற ஜாகா வருவாங்க."

தாயம்மா கைப்பையை இறுகப் பிடித்தாள். அந்தோனியம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு கேடயத்தை அழுத்தி அணைத்தாள். விசைப்பலகையை மகேந்திரன் பக்கம் திருப்பினாள்.

"எடுத்தாச்சு சார். இவ இருக்கட்டும். மொதல்ல கேட்ல நிக்கிற உங்க வண்டி. உள்ள போறவங்க எல்லாரும்னு நீங்க போட்ட ரூல்ஸ்தானே? ஐசி, போன் நம்பரு, வீட்டு அட்ரஸ். ஒரு கட்டமும் விடக்கூடாது."

"என்னையா?"

"பெரிய மானேஜர் சம்சாரத்தயே நிறுத்துனவ நா."

மகேந்திரன் பெயரைத் தட்டினார். ஐசி கட்டத்தில் நான்கு எண் போட்டார். விரல் நின்றது. திரையைப் பார்த்தார், தாயம்மாவைப் பார்த்தார். பின்னால் வந்து நின்ற விக்டர் லாரியின் ஹாரனை ஒருமுறை அழுத்தினான்.

அவர் அந்த நான்கு எண்களையும் அழித்தார். நோட்டை இழுத்து, கார் எண், பெயர், மணி எழுதினார்.

"வேற எதாச்சும் எழுதணுமா?" என்று தலை நிமிராமல் கேட்டார்.

"போதும் சார். தலைமை ஆபீஸுக்கும் இதையே சொல்லுங்க."

தடுப்புக் கம்பி உயர்ந்தது, கார் உள்ளே போனது. நாளைக்கு வேறு ஜாகா வருவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாயம்மா பழக்க தோஷத்தில் பையைத் திறந்து ஐசியை நீட்டினாள்.

"உள்ள வைடி" என்றாள் அந்தோனியம்மாள். "அது உன்னுது."