அழகம்மாளின் சட்டியும் என் களமும்

ஆடலூரில் அழகம்மாளைப் போல ஈசல் வறுக்க ஆள் கிடையாது. மழை விட்ட அந்தியில் புற்றுப் பக்கம் விளக்கு வைத்துப் பிடிப்பாள். சிறகு போகப் புடைத்து, மண்சட்டியில் கருகாமல் வறுத்து, பொரி கலந்து படியால் அளந்து விற்பாள். புருஷன் செத்து இருபது வருஷம். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது அந்தச் சட்டிதான். அவளைப் போய் இந்த ஊர் விஷம் வைத்தவள் என்றது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் நறநறக்கிறது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மிளகு மூட்டை சுமந்தே முன்னுக்கு வந்தேன். இன்று என் காப்பிக் களம் மாதிரி வழவழப்பான சிமெண்ட் களம் இந்த மலையில் இன்னொருவனுக்கு இல்லை. களம் போட்ட சந்தோஷத்தில் ஊருக்கே ஈசல்பொரி கொடுக்க அழகம்மாளைக் கூப்பிட்டேன். வறுத்ததை அவள் சட்டியிலேயே ஆறவிடப் போனாள்.

"களத்துல கொட்டி ஆத்து. ஊரு பாக்கட்டும்," என்றேன்.

"கோழி மேயுதேண்ணே."

"என் களத்தையா குறை சொல்ற?"

களத்திலேயே கொட்டினாள். மறுநாள் பதினேழு பேருக்கு வாந்தி, பேதி. முதலில் அவள் வாசலில் போய்க் கத்தியது நான்தான். பிறகு எங்கள் ஊர்க்காரன் செந்தில்வேல், டீக்கடையில் நின்று, "பூச்சியத் தின்னா வேற என்ன வரும்? அவ சட்டிய ஒடைக்கணும்லே," என்றான். மூன்று தடவை வாங்கித் தின்ற பயல்! மளிகைக் கடைக்காரன் அவளுக்கு உப்புகூடக் கொடுக்கவில்லை.

சுகாதாரத் துறை ஆட்களோடு தேவசேனா என்ற பெண் வந்தாள். மனுஷர் தின்கிற பூச்சிகளில் உள்ள கிருமிகளை ஆராய்கிறவள். மிச்சப் பொரியையும் நோயாளிகளின் மலத்தையும் எடுத்துக்கொண்டாள். அழகம்மாள் ஒரு துணி முடிச்சை நீட்டினாள்.

"இது எனக்குன்னு சட்டியில இருந்தே எடுத்து வச்சதுங்க. களத்துல படல. அண்ணன் களத்துல கெடக்குற குப்பையையும் எடுத்துக்கோங்க."

"யாரு களத்துல குப்பைங்கிறே?"

"ஈசல விசாரிக்கிறாங்கல்ல? களமும் கூட நிக்கட்டும்ண்ணே."

எனக்கு ரத்தம் கொதிக்க, தேவசேனா களத்துக் கோழி எச்சத்தையும் வழித்து எடுத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. கிருமிகளை வளர்த்து, அவற்றின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தார்களாம். முடிச்சில் இருந்த ஈசலில் நோய்க்கிருமி இல்லை. நோயாளிகள் வயிற்றில் இருந்தது, களத்தில் கொட்டிய பொரியில் இருந்தது, என் கோழி எச்சத்தில் இருந்தது, மூன்றும் ஒரே கிருமி.

"ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரிங்க ஐயா," என்றாள் தேவசேனா.

செந்தில்வேல் அன்றே, "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்," என்று ஆரம்பித்தான். "ஏலே, அத அவ வாசல்ல வந்து சொல்லு!" என்று சட்டையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

அழகம்மாள் எழுந்திருக்கவே இல்லை. "அவன விடுங்கண்ணே. மொதச் சத்தம் உங்க சத்தம். அதே சத்தத்துல சொல்லுங்க."

கத்தினேன். தப்பு என் களத்துடையது என்று மூன்று தெருவுக்கும் கேட்கக் கத்தினேன். எவனுக்கும் குனியாத தலை இது.

இப்போது மறுபடியும் வறுக்கிறாள். செந்தில்வேலும் படியோடு வந்து நிற்கிறான், வெட்கம் கெட்டவன். என் களத்துக்கு மட்டும் அவள் ஒரு பிடிகூட அனுப்புவதில்லை. அவள் வாசலில் நின்றுதான் தின்னவேண்டியிருக்கிறது.