ஒயில் சொட்டிய காரில் முள்ளியவளைக்கு

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை 6.40க்கு வவுனியாவிலிருந்து முள்ளியவளைக்குப் புறப்பட்டோம். மனைவி சுகந்தியின் தங்கை துசிக்குப் பெண்பிள்ளை பிறந்திருந்தது. மறுநாள் பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு. ஏ-9 வீதியில் மாங்குளம் வரை போய் வலப்பக்கம் திரும்பினால் மொத்தம் தொண்ணூறு கிலோமீற்றர் வரும். இரண்டு மணித்தியாலப் பயணம். எங்களுக்கு ஏழு மணித்தியாலம் பிடித்தது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு உதவுமென்று எழுதுகிறேன்.

எங்கள் காருக்கு முப்பது வயது. ஆறு மாதமாக எஞ்சின் ஒயில் சொட்டியது. ஒரு கராஜில் அடியிலுள்ள ஒயில் தொட்டியின் ஆணிகளை இறுக்கினார்கள். இன்னொன்றில், கசியாமல் இடையில் வைக்கிற பெக்கிங்கை மாற்றினார்கள். சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. (இரண்டு தடவையும் காசு கொடுத்தது நான்தான்.)

புளியங்குளம் தாண்ட எரிந்த மணம் வந்தது. கனகராயன்குளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் ஆறவிட்டு, ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே. டிக்கியில் இருந்த ஒரு லீற்றரை ஊற்றினேன்.

“திரும்பிப் போவமே?” என்றாள் சுகந்தி.

அவள் காருக்காக மட்டும் கேட்கவில்லை. முந்தின வருடத் தொடக்கத்தில், எட்டு மாதக் கர்ப்பத்தில் எங்கள் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. அதற்குப் பிறகு கைப்பிள்ளை இருக்கிற எந்த வீட்டுக்கும் அவள் போகவில்லை. துசியோடும் போனில்தான் கதை. இந்தப் பயணம் அவளாக எடுத்த முடிவு. எனக்கு அவளை வற்புறுத்தவும் மனமில்லை, காரைத் திருப்பவும் மனமில்லை. மாங்குளம் மட்டும் போய்ப் பார்ப்போம் என்றேன்.

மாங்குளத்தில், முல்லைத்தீவு வீதியில் தகரக் கூரை போட்ட ஒரு கராஜ். நடத்துபவர் நிஸாம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, இங்கே திரும்பி வந்தவர். அவர் உடனே ஆணி கழற்றும் சாவியைத் தூக்கவில்லை. எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்டார்.

“சொட்டுற இடம் வேற, கசியிற இடம் வேற அண்ணன். மேல இருந்து வழிஞ்சுதான் கீழ சொட்டும்,” என்றவர், முகத்துக்குப் போடுகிற பவுடர் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். தூவிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் கசிவு தொடங்குகிற இடம் தெரியுமாம்.

சுகந்தி தன் பையைத் திறந்து ஒரு பிள்ளைப் பவுடர் டின்னை எடுத்தாள். இன்னும் உடைக்காதது. நிஸாம் தயங்கினார். “பிள்ளைக்கு வாங்கினதெல்லோ அக்கா?”

“ஓம். பரவாயில்லை, போடுங்கோ.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த கால்மணி நேரத்தில் அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “அது எங்கட பிள்ளைக்கு வாங்கினது. அலுமாரிக்குள்ள வச்சிருந்தனான். துசின்ர பிள்ளைக்குக் குடுப்பமெண்டு எடுத்தனான். பிறகு, குடுக்கலாமோ எண்டு பயந்துபோனன்.”

ஒன்றரை வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. தொடங்கிய இடம் எஞ்சினின் மேல்மூடியின் பின்பக்கம். பெக்கிங் காய்ந்து வெடித்திருந்தது. காற்றுப்போகும் குழாயும் அடைத்திருந்ததால் உள்ளே அழுத்தம் கூடித் தள்ளியிருக்கிறது. புதுப் பெக்கிங் கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் வர பதினொரு மணி. வேலை முடிய பன்னிரண்டே முக்கால். சாமானும் கூலியுமாக 6,500 ரூபா.

1.40க்கு முள்ளியவளை. துசி பிள்ளையோடு வாசல் படலைக்கே வந்துவிட்டாள். தமக்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையை நீட்டாமல் அப்படியே நின்றாள். சுகந்தி பைப்பில் கையைக் கழுவி, சேலையில் துடைத்து, தானாகவே இரண்டு கையையும் நீட்டினாள்.

“பெரியம்மாட்ட வாங்கோ.”

பிள்ளை அழவில்லை. துசிதான் அழுதாள்.

பழைய காரில் போகிறவர்கள் மாங்குளத்தில் நிறுத்தி ஒயிலைப் பாருங்கள். கழுவிப் பார்க்காமல் எதையும் மாற்ற விடாதீர்கள். ஒயில் சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும், எரிந்த மணம் வந்தால் காரை ஓட்ட வேண்டாம். நாங்கள் ஞாயிறு பின்னேரம் திரும்புவதாகச் சொல்லிப் போனவர்கள், புதன்கிழமைதான் வந்தோம். கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கென்றால் லீவைக் கொஞ்சம் கூடவே போட்டுக்கொண்டு போங்கள்.