குழாயடியில் ரோசம்மாளின் குடம்

பாலக்கரை லைன் வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் தட்டுவது ரோசம்மாள் வீட்டுக் கதவைத்தான். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. பத்து வருஷமாகப் பிரசவ வார்டு. நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, "கஞ்சி குடிச்சுப் படுத்தா சரியாயிடும்" என்பாள்; இல்லையென்றால், "ஜட்கா வண்டியைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிதான்" என்பாள். அவள் சொன்னால் சொன்னதுதான். டாக்டர் கொடுத்த மருந்தைக்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் குடிப்பார்கள். சோற்றில் கை வைத்தால் போதும், "அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று வாசலில் ஒரு குரல். சே, ஒரு வாய் நிம்மதியாகத் தின்ன விடுகிறார்களா என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போவாள்.

இத்தனை மரியாதையும் குழாயடிக்கு வந்தால் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ! தண்ணீர் வருவது காலை ஐந்தரையிலிருந்து ஒரு மணி நேரம். அல்போன்சா ஆறு குடத்தோடு வருவாள். வரிசையில் இருக்கிற குடங்களைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தன்னுடையதை வைப்பாள். ஏன் என்று கேட்டவளின் குடும்பம் மொத்தத்தையும் தெருவில் இழுத்துப் போடுவாள். அவளிடம் யார் வாயைக் கொடுப்பது? "ஐயோ, அக்கா டியூட்டிக்குப் போகணுமே" என்று எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். உச்சுக் கொட்டினால் குடம் நிறையுமா? ஒருத்தியாவது தன் இடத்தை விட்டுக் கொடுத்ததுண்டா?

ஐம்பத்தெட்டாம் வருஷத் தவக்காலத்தில் ஆஸ்பத்திரி மேட்ரன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "மூணு நாள் லேட்டு, ரோசம்மா. இன்னொரு தடவை ஏழு மணி தாண்டி வந்தா வேற ஆளைப் போட்டுடுவேன்." புருஷன் இல்லாத வீடு. அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

மறுநாள் தண்ணீர் நூலாக ஒழுகியது. அல்போன்சா ஆறு குடமும் பிடித்து முடிக்கும்போது மணி ஆறேகால். அடுத்தது அமலராணியின் முறை. எட்டு மாசக் கர்ப்பிணி. ரோசம்மாளுக்கு அந்தக் குரல் எங்கிருந்துதான் வந்ததோ! "எடுடி குடத்தை! உன்னால என் பிழைப்பு போகணுமா?" என்று காலால் ஒரு தள்ளு. மண்குடம் உருண்டு விளிம்பு உடைந்தது. ஆறு குடம் பிடித்தவளை விட்டுவிட்டு இந்தப் பிள்ளைத்தாச்சியிடமா வீரம்? அமலராணி குனிந்து உடைந்த துண்டைப் பொறுக்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எல்லாரும் தாமாகவே வழி விட்டார்கள். டியூட்டிக்கும் நேரத்தோடு போனாள். முதல் வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டாள், நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம்தான் கவனித்தாள், கதவை ஒருவரும் தட்டவில்லை.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் சாயங்காலம் அமலராணிக்கு வலி கண்டது. ரோசம்மாள் கையைக் கழுவிக்கொண்டு தன் வாசலில் வந்து நின்றாள். அமலராணியின் புருஷன் பாக்கியநாதன் அவளைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த தெரு மருத்துவச்சியைக் கூப்பிட ஓடினான். கழுவிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ரோசம்மாள் உள்ளே போனாள்.

மறுநாள் குழாயடியில் அல்போன்சா தன் குடத்தை நகர்த்தி இடம் கொடுத்தாள். "வா ரோசம்மா, இங்க வை. நம்மள யாரு கேக்கறது?" என்று சிரித்தாள்.

ரோசம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள். அங்கே நின்ற பெண் அவளைப் பார்த்ததும் பதறிப்போய்த் தன் குடத்தை இழுத்து ஓரமாக வைத்துக்கொண்டாள். அவளுக்கு முன்னால் இருந்தவளும் இழுத்தாள். அதற்கு முன்னால் இருந்தவளும்.