நேரா பாருங்க, ஆடாதீங்க

தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, சலூன் நாற்காலியில் இருக்கிறவரின் முகத்தை மெதுவாகத் திருப்புகிறார் மாஸ்டர். "நேரா பாருங்க, ஆடாதீங்க." விரலை உடனே எடுத்துவிட மாட்டார். திருப்பிய முகம் சொன்ன இடத்தில் நிற்குமா, பழையபடி சாயுமா என்று ஒரு மூச்சு பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். பேங்க் மேனேஜர் வந்தாலும் அதே இரண்டு விரல், மூட்டை தூக்குகிறவர் வந்தாலும் அதே இரண்டு விரல்.

அப்புறம் கத்தரி பேசத் தொடங்கும். கூடவே மாஸ்டரும் தொடங்குவார். எந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தது, யார் வீட்டுப் பூனை யார் வீட்டுப் பரணில் குட்டி போட்டது, எல்லாம் அவர் சலூனுக்கு வந்துதான் மற்ற இடங்களுக்குப் போகும். முடி கொட்டுகிறதே என்று ஒருவர் கவலைப்பட்டால், "கொட்டல சார், நெத்திதான் வளருது" என்பார். வந்தவரும் சிரித்துவிட்டு, வளர்ந்த நெற்றியைத் தடவிக்கொண்டே போவார்.

இவ்வளவும் கண்ணாடியைப் பார்த்துத்தான். நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதிர்ச்சுவர்க் கண்ணாடிக்குள் இருக்கிற முகத்தோடுதான் அவர் பேசுவார். அந்த முகத்தோடுதான் சிரிப்பார், அதோடுதான் வாதம் பண்ணுவார். சின்ன வயதில் கத்தரி பிடித்ததிலிருந்து அப்படியே பழகிவிட்டது. கண்ணாடி இல்லாத இடத்தில் மனிதனோடு எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியாது.

கடையில் புலி, வெளியில் எலி என்று அவருடைய மனைவி சொல்வாள். அவள் தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். காலையில் சங்கு ஊதுவதற்குள் மெஷினில் உட்கார வேண்டும். ஒருநாள் மளிகைக் கடைக்குச் சர்க்கரை வாங்க இவரை அனுப்பினாள். கடைக்காரர் ஏதோ ஞாபகத்தில் சோப்பை எடுத்து நீட்டினார். நான் கேட்டது இதில்லை என்று சொல்ல வாய் வராமல், சோப்போடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார் மாஸ்டர். "கல்யாணமான புதுசுல என்கிட்ட பேசணும்னாலே பீரோ கண்ணாடி முன்னால போய் நிப்பாரு. நான் பின்னால போய் நின்னாத்தான் வாய் தொறக்கும்" என்று அவள் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். கடைக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. அம்மா கம்பெனியிலிருந்து வருகிறவரை அவள் அப்பாவோடு சலூனில்தான் இருப்பாள். நாற்காலிக்குப் பின்னால் ஒரு முக்காலி. அதில் ஏறி நின்று, தண்ணீர் தெளிக்கிற பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, அப்பா விட்ட இடத்திலிருந்து அவள் பிடித்துக்கொள்வாள். வந்தவர் ஏன் மீசை வைக்கவில்லை, வீட்டில் அடிப்பார்களா, பல் ஒன்று எங்கே போயிற்று என்று கேள்விமேல் கேள்வி. பேசிப் பேசிப் பாட்டிலை அழுத்த மறந்துபோவாள். ஞாபகம் வந்து அழுத்தினால் வந்தவரின் காதுக்குள் போகும்.

இந்த ரேடியோதான் ஒன்றாம் வகுப்பில் போய்ச் சேர்ந்த அன்றே நின்றுபோனது. வாத்தியார் கேட்டால் பதில் இல்லை. பக்கத்துப் பிள்ளை கேட்டாலும் இல்லை. எழுதச் சொன்னால் எழுதுவாள்; வாசிக்கச் சொன்னால் உதட்டைப் பூட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு மாஸ்டர்தான் போனார். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. தலைமை ஆசிரியை கண்டிப்பான அம்மாள். எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். வருஷக் கடைசிக்குள் பிள்ளை வாயைத் திறந்து வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் ஒன்றாம் வகுப்புதான். கூடப் படிக்கிறதுகள் எல்லாம் மேலே போய்விடும், இவள் மட்டும் அதே பெஞ்சில். வீட்டில் பிள்ளையோடு யாரும் பேசுவதில்லையா என்று கேட்டார். மாஸ்டர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவே இப்படி இருந்தால் பிள்ளை எப்படி இருக்கும் என்று பார்வையாலேயே சொல்லி அனுப்பினார் அந்த அம்மாள்.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டருக்கு வாய் வந்துவிட்டது. அந்த வாத்தியார் பிள்ளையை மிரட்டுகிறார், அதனால்தான் அவள் பயந்து கிடக்கிறாள் என்று பீரோ கண்ணாடியைப் பார்த்துச் சத்தம் போட்டார். அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியாரோ, இந்த அப்பா ஊமைக்கோட்டான், வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது போல என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் பிள்ளைமேல் அக்கறைதான். ஆனால் ஒருத்தர் ஒருத்தரைக் குற்றம் சொல்லியே ரொம்ப நாள் போயிற்று.

கடைசியில் வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் ஆளைப் பிடிக்க முடியாதென்று ஒரு சாயங்காலம் சலூனுக்கே வந்தார். உள்ளே ஒரு கால் வைத்ததுதான் தாமதம், மாஸ்டர் அவரை நாற்காலியில் உட்கார்த்தி, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டார். பயத்தில் கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. முந்தாநாள்தான் வேறு கடையில் வெட்டிக்கொண்டேன் என்று வாத்தியாராலும் சொல்ல முடியவில்லை. எடுக்க முடியே இல்லாத தலையைச் சுற்றிக் கத்தரி காற்றை வெட்டியது.

அப்போதுதான் முக்காலியிலிருந்து குரல் வந்தது.

"சார், உங்க முதுகுல சாக்பீஸ் இருக்கு. நேத்து நீங்க போர்டுல போட்ட யானைக்கு மூணு கால்தான். அப்புறம் பின்பெஞ்சுல இருக்கானே, அவன் டெய்லி என் ரப்பரை எடுத்துட்டுப் போறான், நீங்க பாக்கவே மாட்டேங்குறீங்க."

வாத்தியார் துணியோடு திரும்பினார். அவ்வளவுதான், ரேடியோ நின்றுவிட்டது. உதட்டைப் பூட்டிக்கொண்டு பாட்டிலைப் பார்த்தாள். மாஸ்டர் பழக்கதோஷத்தில் வாத்தியாரின் தாடையைப் பிடித்து முன்னால் திருப்பி, நேரா பாருங்க சார், ஆடாதீங்க என்றார். முகம் கண்ணாடிக்குத் திரும்பியதும் ரேடியோ விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கியது. நாலாவது காலை எப்போது போடுவீர்கள் என்று கேட்டாள்.

வாத்தியார் திரும்பிப் பார்த்தார், பேச்சு நின்றது. கண்ணாடியைப் பார்த்தார், பேச்சு வந்தது. சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்க்கிறவர் மாதிரி இன்னொரு தரம் செய்து பார்த்தார். அப்புறம் கண்ணாடிக்குள் மாஸ்டரைப் பார்த்துக் கேட்டார்: "இவ்வளவு பேசுறீங்களே மாஸ்டர், அன்னிக்கு எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா முன்னால ஏன் வாயே தொறக்கல?"

"அங்க கண்ணாடி இல்லையே சார்" என்றார் மாஸ்டர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. கத்தரி நின்றுபோயிற்று. மகளைப் பார்த்தார், கண்ணாடிக்குள்தான். அவளும் கண்ணாடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்தாள். அன்று ராத்திரி விஷயம் தெரிந்ததும் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று சொன்னவன் இந்த வீட்டுக்கு வந்து பார்க்கட்டும் என்றாள்.

மறுநாள் மாஸ்டர் கடையின் பின்சுவரில் மாட்டியிருந்த பழைய கண்ணாடியைக் கழற்றினார். கை படாமல் இருக்க ஓரமெல்லாம் மரச்சட்டம் அடித்து, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். கரும்பலகைக்குப் பக்கத்தில் அதை மாட்டினார்கள். இது வகுப்பறையா, சலூனா என்று தலைமை ஆசிரியை வாசலில் நின்று கேட்டார். வருஷக் கடைசிவரைக்கும்தான் என்று வாத்தியார் கெஞ்சி வாங்கினார். மாஸ்டர் ஆணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

வாத்தியார் அவள் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கண்ணாடியைப் பார்த்து, பலகையில் எழுதியிருந்ததை வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. "சார், இவளுக்குப் பேச வருது சார்" என்று பின்பெஞ்சுக்காரன் திருடனைக் கண்டுபிடித்தவன் போலச் சொன்னான். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் கண்ணாடியைப் பார்த்துத்தான் பாடம் சொல்லுவோம் என்று அடம்பிடித்தார்கள். யானைக்கு நாலாவது கால் வந்தது.

பிறகு ஒரு வழக்கம் உண்டாயிற்று. பள்ளிக்கூடம் விட்டதும் வாத்தியார் சலூன் பக்கமாகத்தான் வீட்டுக்குப் போவார். அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லுவார். வீட்டில் என்ன நடந்தது என்று மாஸ்டர் கண்ணாடி வழியாகச் சொல்லுவார். மாஸ்டரின் மனைவி மகளைத் தினமும் மளிகைக் கடைக்குக் கூட்டிப்போனாள். ஒரே ஒரு சாமானை அவள் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். முதலில் அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். பிறகு பக்கத்தில் நின்று கேட்டாள். சர்க்கரை கேட்டால் சர்க்கரையே வந்தது. அப்பாவை விட மகள் தேவலை என்று ஊர் பேசிக்கொண்டது.

கண்ணாடியைச் சின்னதாக்கிக்கொண்டே போகலாம் என்பது மாஸ்டரின் யோசனை. சுவர்க் கண்ணாடிக்குப் பதில், பின்தலையைக் காட்டுகிற கைக்கண்ணாடி. அதற்குப் பிறகு சவரம் பண்ணுகிற வட்டக் கண்ணாடி. ஆனால் அவசரப்பட்டுவிட்டார். சுவர்க் கண்ணாடியைக் கழற்றிய அன்றைக்கே வட்டக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்ப, ரேடியோ மறுபடி ஊமையாகிவிட்டது. அன்று சாயங்காலம் மாஸ்டர் வாத்தியாரிடம் "ஒரேயடியா ஒட்ட வெட்டிட்டேன் சார்" என்று மட்டும் சொன்னார். வெட்டின முடி வளராமலா போகும் என்று வாத்தியார் அவருக்கு ஆறுதல் சொன்னார். பெரிய கண்ணாடி திரும்பவும் சுவருக்கு ஏறியது. இந்த முறை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்தார்கள்.

அவள் கையில் வட்டக் கண்ணாடி வந்த பிறகு ஒருநாள், வாத்தியார் மூச்சிரைக்க சலூனுக்குள் ஓடி வந்தார். பின்பெஞ்சுக்காரன் வழக்கம்போல ரப்பரை எடுத்திருக்கிறான். இவள் கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, நேரே திரும்பி, அவன் மூக்குக்கு நேராக நின்று, என் ரப்பரைக் கொடுடா என்று கேட்டிருக்கிறாள். அதோடு விடாமல் அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டியிருக்கிறாள். திட்டியதற்காக அவளைக் கண்டிக்க வேண்டியவர் கைதட்டிவிட்டாராம். இதைக் கேட்ட சந்தோஷத்தில் மாஸ்டர் கையிலிருந்த முடிவெட்டும் மெஷின் ஒருவரின் இடது கிருதாவை முழுதாக எடுத்துவிட்டது. சரிக்குச் சரியாக வலதையும் எடுத்தார். அந்த மனிதர் கோபப்படாமல், ரேடியோ பேசியதற்கு நம்முடைய மொய் இது என்று எழுந்து போனார்.

வருஷக் கடைசியில் தலைமை ஆசிரியையின் அறைக்கு மூன்று பேரும் போனார்கள். மனைவி கம்பெனியில் சண்டை போட்டு லீவு வாங்கியிருந்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் அப்பா, அம்மா, நடுவில் ஒரு நாற்காலிமேல் முட்டி போட்டுக்கொண்டு மகள். வாத்தியார் கதவோரம் நின்று நகத்தைக் கடித்தார். ரேடியோவின் கையில் கண்ணாடி இல்லை. புத்தகத்தைப் பிரித்து, ஒரு பக்கம் முழுக்க வாசித்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்து, அந்த அம்மாளின் முகத்தை நேராகப் பார்த்து, உங்கள் மூக்குக்கண்ணாடி கோணலாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

தலைமை ஆசிரியை அதைக் கழற்றி நேராக்கி மாட்டிக்கொண்டார். சிரிப்பை அடக்கியதில் குரல் கரகரத்தது. பிள்ளை இரண்டாம் வகுப்புக்குப் போகலாம் என்றார். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "ஆனா அங்க புது டீச்சர். புள்ள மறுபடி வாய மூடிக்கிட்டா வீட்டுலதான் மொதல்ல தெரியும். நீங்க வந்து எங்ககிட்ட சொல்லணும். இதுவரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்ல நீங்க. சொல்லுவீங்களா?"

மாஸ்டர் மனைவி பக்கம் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். அவர் கண் அறையைச் சுற்றியது. மூலையில் புத்தக அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு இருந்தது. அதில் அந்த அம்மாளின் முகம் மங்கலாகத் தெரிந்தது. அப்பாடா என்று அவர் அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

அவருடைய தாடைக்குக் கீழே இரண்டு சின்ன விரல்கள் வந்து நின்றன.

"நேரா பாருங்கப்பா, ஆடாதீங்க" என்று ரேடியோ அவர் முகத்தை மேசைப் பக்கம் திருப்பினாள். மாஸ்டர் "வந்து சொல்றேம்மா" என்றார், தலைமை ஆசிரியையின் முகத்தைப் பார்த்தே. அவள் விரலை உடனே எடுக்கவில்லை. திருப்பிய முகம் சொன்ன இடத்தில் நிற்கிறதா என்று ஒரு மூச்சு பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள்.