ஒருசந்தியும் ஒரு மாத்திரையும்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. சாந்தோமில் எங்கள் பங்குக் கோயில் முற்றத்தில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் நிலையில் முழங்காலிட்ட என் கணவர் எழவேயில்லை. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து, "எழுந்திருங்க, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்று அதட்டினேன். நிமிர்ந்தார். உதடு வெளுத்திருந்தது, மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை.

ஆட்டோ அடையாறு பாலம் தாண்டும்வரை அவர் மணிக்கட்டை நான் விடவில்லை. "இன்னாம்மா, நெஞ்சு வலியா?" என்று திரும்பிய ஓட்டுநரிடம், "ரோட்டைப் பாருப்பா!" என்று எரிந்து விழுந்தேன்.

அவருக்கு இரண்டு வருஷமாக ரத்தக்கொதிப்பு. நானோ பெண்கள் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவள். பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் இதயம் ஓடுகிறது. அழுத்தம் ஏறி அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத் தசை தடித்துப்போகும், எரிக்கக் கொழுப்பை விட்டுச் சர்க்கரையின் பக்கம் சாயும், சக்தியின் கையிருப்பு குறையும். காஸ் தீரப்போகிற அடுப்பில் கல்யாணச் சமையல் செய்கிற மாதிரி என்று வருஷாவருஷம் வகுப்பில் சிரிக்க வைப்பேன். அன்று ஆட்டோவில் அந்த அடுப்புதான் கண்முன் நின்றது. இவர் பிழைக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

மருத்துவமனையில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, மூச்சு கொஞ்சம் அடங்கிய பிறகு டாக்டர் வந்தார். "இதயச் சுவர் தடிச்சிருக்கு. நுரையீரல்ல நீர் கோத்துக்கிச்சு. மாத்திரை ஒழுங்கா போடறாரா?"

"ஒருநாள் தவறாம" என்று முந்திக்கொண்டேன்.

"தவக்காலம் தொடங்கினதுலேர்ந்து போடல" என்றார் என் கணவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க?"

"ஒருசந்தி இருக்கேனே. மத்தியானம் ஒரு வேளைதான சாப்பாடு? டப்பா மேல 'காலைச் சாப்பாட்டுக்குப் பின்'னு நீதான எழுதி வச்சிருக்க?"

எழுதியது நான்தான். சிவப்பு மையில், இரண்டு கோடு வேறு போட்டு. ஏழு மணிக்கே கல்லூரிக்கு ஓடிவிடுவேன். அவர் போட்டாரா என்று பார்த்ததில்லை. வகுப்பில் அத்தனை பெண்களுக்கு விளக்கிய நான், வீட்டில் வெறும் உத்தரவுதான் போட்டிருக்கிறேன். அவர்மேல் வந்த கோபம் என்மேலேயே திரும்பியது. வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

மறுநாள் காலை நர்ஸ் கஞ்சி கொண்டுவந்தார். என் கணவர் மெல்லக் குடித்து முடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்து உள்ளங்கையை நீட்டினார்.

"சாப்பிட்டாச்சு. மாத்திரை குடு."