நெற்குப்பைக்குப் போன ரை பீர்

காலை 6.40. முந்தின நாள் பெங்களூரில் ஏறிய பஸ் காரைக்குடி புதிய பேருந்து நிலையத்தில் என்னை இறக்கிவிட்டது. டிக்கெட் 950 ரூபாய். மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்குள் ஐஸுக்கு நடுவே இரண்டு பாட்டில் ரை பீர். வெளிமாநிலச் சரக்கு பிடிபடக் கூடாதே என்று, ஓசூர் சோதனைச் சாவடியைத் தாண்டும் வரை பெட்டிமேல் துண்டைப் போட்டு மூடியிருந்தேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் பெரிய வீடுகளைப் பார்க்க வருவார்கள். நான் பீரை முகர்ந்து எடைபோடும் ஒரு மூக்கைத் தேடி வந்தேன். கதிரேசனும் நானும் பெங்களூரில் ஒரு சிறிய பீர் ஆலையில் ஏழு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். ரை என்பது குளிர்நாட்டுத் தானியம், கோதுமைக்கு ஒன்றுவிட்ட உறவு. அதில் பீர் செய்து பார்க்கலாம் என்று ஆரம்பித்தவன் கதிர். பாதியில் அவன் அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. மனைவியோடு ஊருக்கு வந்தவன் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. மீதியை நான் முடித்தேன். இப்போது ஆலையில் தலைமைப் பொறுப்பு காலி. கதிர் வருவானா என்று திங்கட்கிழமைக்குள் முதலாளிக்குச் சொல்ல வேண்டும். பீர் ஒரு சாக்கு. அவனைக் கூட்டிப்போகத்தான் கிளம்பினேன்.

7.30. திருப்பத்தூர் பஸ், 25 ரூபாய். கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, "மீனாண்ணே?" என்றார்.

"மருந்து" என்றேன்.

"ஒழுகுது பாருங்க. எறங்குனதும் மீன்கடையில ஐஸ் போட்டுக்கங்க, மருந்து கெட்டுப்போகும்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். சொன்னபடி முப்பது ரூபாய்க்கு ஐஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த பஸ் ஏறினேன்.

9.15. நெற்குப்பையில் கதிரின் மனைவி செல்வி இட்லியும் மிளகாய்ச் சட்னியும் வைத்தாள். காரம் பட்டால் நாக்கு மரத்துவிடும், பிறகு பீரைச் சுவைக்க முடியாது. வெறும் இட்லி போதும் என்றேன்.

"சட்னி தொடாம எந்திரிச்சா, சமைச்சவளுக்கு எப்படியிருக்கும்ணே? பெங்களூர்லயும் இவுகளோட இதே ரோதனைதான்" என்று இரண்டு இட்லியில் சர்க்கரையைத் தூவினாள். உள்ளறைக் கட்டிலிலிருந்து கதிரின் அப்பா, யார் வந்திருப்பது என்று குழறலாகக் கேட்டார். செல்வி போய் அவர் காதருகே சொன்னாள்.

11.00. வயல் மோட்டார் ரூம் நிழல். கதிர் அப்போதுதான் கரும்புக்கு வேப்பம்புண்ணாக்குப் போட்டு முடித்திருந்தான். மெலிந்து, கறுத்திருந்தான். வாய்க்காலில் கை கழுவிவிட்டு, நான் கொண்டுபோன கண்ணாடிக் கிளாஸில் அவனே ஊற்றினான். கருப்பட்டிப் பாகின் நிறம். இரண்டு விரற்கடை நுரை, சட்டென்று அடங்காத நுரை. அவன் முகம் பழைய முகமானது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு மணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே முழங்கையின் உள்மடிப்பை முகர்ந்துகொள்வோம். சொந்த உடம்பின் வாசனை மூக்குக்குப் பழகியது. அதை முகர்ந்தால் மூக்கு தெளிந்துவிடும்.

கதிர் கிளாஸை முகர்ந்தான். பழக்கதோஷத்தில் தன் கையை முகர்ந்தான். மறுபடி கிளாஸ், மறுபடி கை.

"வரலண்ணே" என்றான். "கழுவியும் புண்ணாக்குதான் அடிக்குது. ரெண்டு வருசமா இந்தக் கை இப்படித்தான்."

கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு, "உங்க கையக் குடுங்க" என்றான்.

நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என் முழங்கை மடிப்பில் முகம் வைத்து, கண்ணை மூடி நீளமாக மூச்சிழுத்தான். உடனே கிளாஸுக்குப் போனான்.

"இப்ப வருது. கருகுன ரொட்டி ஓரம். ஆரஞ்சுத் தோல் கொஞ்சம்." ஒரு வாய் குடித்து நாக்கில் உருட்டினான். "நுனி நாக்குல மிளகு, அது ரையோடது. நடுவுல கஞ்சி மாதிரி வழுவழுப்பு. முடிவு இனிப்பில்லாம காஞ்சு போகுது, அப்படித்தான் போகணும். கசப்புதான் கொஞ்சம் முந்துது. அதை மட்டும் பின்னால தள்ளுங்க."

ஐம்பதுக்கு நாற்பத்தொன்று மதிப்பெண் போட்டான். நான் முப்பத்தெட்டு போட்டிருந்தேன். ரை முப்பது பங்கு, பார்லி எழுபது என்ற கணக்கு அவனுடையதுதான். அதை மாற்றவில்லை என்றேன். தலையாட்டிக்கொண்டான்.

கேட்க வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தேன்.

"கேக்காதீக" என்றான், என்னைப் பார்க்காமல். "கேட்டீகன்னா வந்துருவேன்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. இரண்டாவது பாட்டிலை அவன் திறக்கவில்லை, வைத்துக்கொண்டான்.

மாலை 3.40. திருப்பத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெட்டி காலி, ஐஸ் முழுக்கத் தண்ணீர். பாதி வழியில் என்னையறியாமல் கையை முகர்ந்தேன். கதிர் பிடித்த இடத்தில் வேப்பம்புண்ணாக்கு வாசம் ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை அடுத்த பேட்ச்சை நான் ஒருவனாகச் சுவைக்க வேண்டும். கை சுத்தமாக இருக்க வேண்டும். காரைக்குடி பேருந்து நிலையத்தில் குழாயடி வரை போனேன். முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன்.