வாத்துக்குள் வளர்ந்த பூஞ்சை

நுண்ணுயிரியல் படித்துவிட்டு மான்ட்ரியலில் வீட்டோடு இருப்பவள் நான். மூன்று வயது மகள் சுதாவுக்குச் சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்து, பயத்தமாவு போட்டுக் குளிப்பாட்டுவேன். தொட்டியில் ஒரு ரப்பர் வாத்தும் மிதக்கும். குளியல் முடிந்ததும் அதை வெந்நீரில் கழுவி, ஜன்னலடி ஹீட்டர்மேல் காயவைப்பேன்.

சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் சுதா வாத்தை முகத்துக்கு நேரே பிடித்து அமுக்கினாள். அடித்துளையிலிருந்து கறுப்புத் தூளோடு தண்ணீர் பீய்ச்சிக் கண்ணில் அடித்தது. மறுநாள் காலை கண் வீங்கி, இமை திறக்கவில்லை. பார்வை கெடுமா என்று சில நாள் கழித்தே சொல்லமுடியும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து வாத்தை வெட்டிப் பார்த்தேன். உள்ளே முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. எண்ணெயும் மாவும் கலந்த தண்ணீரைத் துளை வழியே வாத்து உறிஞ்சியிருக்கிறது. உணவு, ஈரம், இதமான சூடு: ஆய்வகத்தில் பூஞ்சை வளர்ப்பதும் இப்படித்தான்.

"இதுக்குத்தான் பி.எஸ்ஸி. படிச்சியா?" என்றார் என் கணவர்.

"நீங்க ஒருநாளாவது அவளைக் குளிப்பாட்டியிருக்கீங்களா? வாத்தை வாங்கினதே நீங்கதான்."

"வாங்கினது நான். உள்ள பார்க்காதது நீதானே?"

கண் பிழைத்தது. இப்போது துளையில்லாத பொம்மைகளையே வாங்குகிறேன். மாவை அலசி, தண்ணீரை மாற்றிய பிறகே அவற்றைத் தொட்டியில் போடுகிறேன். துளையுள்ள பொம்மை உங்களிடம் இருந்தால் ஒன்றை வெட்டிப் பாருங்கள்.

நண்பர்கள் வந்தால் என் கணவர் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். எல்லோரும் சிரித்து முடித்ததும், அவர் சொல்லாமல் விடுவதை நான் சொல்கிறேன். அந்த நாட்களில் எங்கள் மகள் எங்களை ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தாள்.